கியர் பாக்ஸ் உடைந்தால் டிரைவர் கூலியில் கையா?

சேற்றுழவு நேரத்தில் பழைய டிராக்டர் ஒன்று வயலின் நடுவே நின்றுவிடுகிறது. கியர் விழ மறுக்கிறது. விழுந்தாலும் நழுவி வெளியே வருகிறது. பெட்டிக்குள் கடகடவென்று சத்தம். முதலில் நடப்பது என்ன? மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்களா? இல்லை. டிரைவரைத்தான் கூப்பிடுகிறார்கள். “முரட்டுத்தனமாக இழுத்துக் கியரை உடைத்துவிட்டாய். செலவு உன் கணக்கில்தான்” என்று தீர்ப்பும் சொல்லியாகிவிடுகிறது. பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. எண்ணெயைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஆனால் குற்றவாளி யார் என்பது மட்டும் தெரிந்துவிட்டது!

இந்தத் தீர்ப்பு டிராக்டர் டிரைவரோடு நிற்பதில்லை. லாரி டிரைவருக்கும் இதே தீர்ப்புத்தான். மில்லுக்கு ஆள் ஏற்றிவரும் வேன் டிரைவருக்கும் இதே தீர்ப்புத்தான். மில்லுக்குள் மெஷினில் பல் சக்கரம் தெறித்தால், பக்கத்தில் நின்ற தொழிலாளிக்கும் இதே தீர்ப்புத்தான். ஆகவே இது யாரோ ஒரு டிரைவரின் சொந்தத் தொல்லை அல்ல. நம் எல்லோருடைய விஷயம்.

நாம் சொல்கிறோம்: கியர் பாக்ஸ் ஒரே நாளில், ஒரு கையின் இழுப்பில் சாவது அபூர்வம். மாதக்கணக்காக அது கொல்லப்படுகிறது. கொன்றது எது என்பதற்குச் சாட்சி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சாட்சியைப் படிக்கத் தொழிலாளி கற்றுக்கொள்ள வேண்டும். படிக்க விடாமல் பெட்டியைப் பூட்டுகிறவர்களை எதிர்த்துக் குரல் கொடுக்க வேண்டும்.

பெட்டிக்குள் மாயம் ஏதுமில்லை

“கியர் பாக்ஸ் பெரிய விஷயம், உனக்கு விளங்காது” என்பார்கள். மில் தொழிலாளிக்கா விளங்காது? ரிங் பிரேமின் கியர் பக்கத்தைத் தினமும் பார்க்கிறவர் அவர். நூல் நம்பர் மாற வேண்டுமானால் வேறு பல் எண்ணிக்கையுள்ள சக்கரத்தைப் போடுகிறார்கள். உருளைகளின் வேகக் கணக்கு மாறிவிடுகிறது. வண்டியிலும் அதே கணக்குத்தான். 15 பல் உள்ள சிறிய சக்கரம் 45 பல் உள்ள பெரிய சக்கரத்தைச் சுற்றினால், பெரியது மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுற்றும். உராய்வில் போவது போக, திருகும் பலம் ஏறக்குறைய மூன்று மடங்காகும். சேற்றில் உழ வேகம் வேண்டாம், பலம் வேண்டும். ஆகவே தாழ்ந்த கியர். ரோட்டில் போக வேகம் வேண்டும்; ஆகவே உயர்ந்த கியர். இவ்வளவுதான் ரகசியம்!

எஞ்சினுக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவே நிற்பது கிளச். மிதித்தால் தொடர்பு அறும், விட்டால் சேரும். பெட்டிக்குப் பின்னால் பினியனும் கிரவுனும். அங்கிருந்து பலம் சக்கரங்களுக்குப் போகிறது. பழைய டிராக்டர்கள் பலவற்றில் பல் சக்கரமே நகர்ந்துபோய் இன்னொரு சக்கரத்தோடு சேர வேண்டும். வண்டியை நிறுத்தி, கிளச்சை முழுக்க மிதித்துத்தான் கியர் போட வேண்டும். இரண்டு பக்கத்து வேகத்தையும் சமமாக்கி, மோதாமல் சேர்த்துவைக்கும் சிங்க்ரோமெஷ் ஏற்பாடு 1928லேயே அமெரிக்காவின் காடிலாக் கார்களில் வந்துவிட்டது. பணக்காரன் காருக்கு முதலில் வந்த அந்த வசதி, உழைக்கிறவன் வண்டிக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. அதுவரை பல்லோடு பல் மோதாமல் காத்தது எது? டிரைவரின் காதும் காலும்தான். அந்தத் திறமைக்குத்தான் இன்று “முரட்டுத்தனம்” என்று பட்டம் கட்டுகிறார்கள்!

முதல் சாட்சி: எண்ணெய்

கியர் பாக்ஸின் உயிர் எண்ணெய். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று, இரும்பை இரும்பு தின்னாமல் காப்பது அதுதான். இந்தப் பழைய வண்டிகளுக்கு எண்ணெய் மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று? சொந்தக்காரரைக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. டீசல் போடாவிட்டால் வண்டி அன்றே நின்றுவிடும். அதனால் டீசல் போடுகிறார். கியர் எண்ணெய் மாற்றாவிட்டால் வண்டி அடுத்த வருஷம்தான் நிற்கும், அதனால் தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போட்டது சொந்தக்காரர். நின்ற நாளில் இருக்கையில் இருந்தது டிரைவர். பழி யாருக்கு?

சேற்றுழவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறங்கும்போது அச்சு வரைக்கும் தண்ணீர் ஏறுகிறது. தேய்ந்த சீல் வழியாகவும், மூடி இழந்த காற்றுக்குழல் வழியாகவும் சேற்றுநீர் உள்ளே போகிறது. எண்ணெய் பால் கலந்தாற்போல வெளுத்துவிடுகிறது. அந்த வெள்ளை எண்ணெய்க்குப் படலம் பிடிக்கும் சக்தி கிடையாது. பேரிங் துருப்பிடிக்கிறது, பல் சுரண்டப்படுகிறது. பழைய டிராக்டர்கள் பலவற்றில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். ஆகவே அந்தச் சேற்றுநீர் ஹைட்ராலிக் பம்பையும் சேர்த்துக் கெடுக்கிறது.

டிரைவர் தோழர்கள் செய்யவேண்டியது கடினமானதல்ல. சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எண்ணெய் மட்டத்தை வாரந்தோறும் பாருங்கள். அளவுக்கம்பியில் ஒட்டிய எண்ணெயை விரலில் தேய்த்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் தண்ணீர். நெருநெருவென்றிருந்தால் இரும்புத்தூள். கருகிய நெடி வீசினால் அது சூடேறிக் கெட்டுப்போன எண்ணெய். சேற்றுழவு முடிந்து இரவு முழுவதும் நின்ற வண்டியில், அடித்திருகை மெல்லத் தளர்த்தினால், அடியில் தங்கிய தண்ணீர்தான் முதலில் சொட்டும். எண்ணெயை விடத் தண்ணீர் கனமானது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே! தண்ணீர் கண்டால் அந்த எண்ணெயை வைத்து ஓட்டவே கூடாது.

எண்ணெயை வடிக்கும்போது வண்டி ஓடிய சூட்டோடு வடிக்க வேண்டும்; அப்போதுதான் அடியில் கிடக்கும் கசடும் சேர்ந்து வரும். அடித்திருகில் காந்தம் இருந்தால் அதைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாவு போல ஒட்டியிருந்தால் அது வயதின் தேய்மானம், பயப்பட வேண்டாம். சில்லு சில்லாக இரும்பு ஒட்டியிருந்தால், உள்ளே பல்லோ பேரிங்கோ உடைகிறது. உடனே திறந்தாக வேண்டும்.

எந்த எண்ணெய் ஊற்றுவது? புத்தகத்தில் எழுதியிருப்பதை மட்டுமே. எஞ்சினில் வடித்த கழிவு எண்ணெயைக் கியர் பாக்ஸில் ஊற்றச் சொல்லும் சிக்கனம் சிக்கனமல்ல. அதிலுள்ள கரியும் தூளும் பேரிங்கை அறுக்கும். பழைய வேன், லாரிகளில் சிங்க்ரோமெஷ் வளையம் பித்தளையால் ஆனதாக இருக்கும். ஜி.எல். 4 எண்ணெய் கேட்கும் பெட்டியில் ஜி.எல். 5 ஊற்றினால், அதில் சேர்ந்த கந்தகச் சரக்கு அந்தப் பித்தளையை அரித்துவிடக்கூடும். “எது மலிவோ அதை ஊற்று” என்று கட்டளை இட்டவர் யார் என்பதை டிரைவர் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் சாட்சி: சத்தம்

சத்தத்திலிருந்து நோயைக் கண்டுபிடிக்கலாம். வண்டியை நியூட்ரலில் வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். கிளச்சை விட்டிருக்கும்போது கேட்கிற ஊளைச் சத்தம், மிதித்ததும் நின்றுவிட்டால், பெட்டியின் முன்தண்டுப் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்தக் கியரின் பல். எல்லாக் கியரிலும் பின்பக்கத்திலிருந்து இழுவைக்குத் தக்கபடி ஊளையிட்டால் கிரவுன் பினியன் பக்கம் பார்க்க வேண்டும். போட்ட கியர் தானாக நழுவினால், அதைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம். தள்ளும் போர்க் தேய்ந்திருக்கலாம். பல்லின் முனை உருண்டு போயிருக்கலாம்.

கியர் போடும்போது “கர்ர்” என்று பல் கடிப்பதைத்தான் டிரைவரின் குற்றம் என்கிறார்கள். பாதி நேரம் அது கிளச்சின் குற்றம். மிதித்தும் கிளச் முழுதாகப் பிரியவில்லை என்றால், எந்தக் கைக்காரன் போட்டாலும் பல் கடிக்கத்தான் செய்யும். பெடலுக்குப் புத்தகம் சொல்கிறபடி சும்மா அசையும் இடைவெளி இருக்க வேண்டும். பல டிராக்டர்களில் அது ஏறக்குறைய ஓர் அங்குலம். இடைவெளி அறவே போனால் கிளச் பிளேட் நழுவித் தேயும். மிஞ்சிப் போனால் கிளச் பிரியாது. இதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் கொஞ்ச நேரமும் போதும். அந்தக் கொஞ்ச நேரம் தர மனமில்லாதவர் பிறகு முழுப்பெட்டிக்கும் பணம் தேடுகிறார்!

டிரைவரின் கடமையும் உண்டு; அதை மறைக்க வேண்டியதில்லை. கிளச் மேல் காலை வைத்தபடி ஓட்டக்கூடாது. கியர் விழாவிட்டால் பலவந்தமாக அழுத்தக்கூடாது. கிளச்சை ஒருமுறை விட்டு மறுபடி மிதிக்க வேண்டும். பாரமேற்றிய டிரெய்லரோடு இறக்கத்தில் நியூட்ரலில் விடக்கூடாது. டீசல் மிச்சம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்! எஞ்சினின் பிடி போய்விட்டால் பிரேக் ஒன்றுதான் கதி. அது தாங்காவிட்டால் போவது டிரைவரின் உயிரும் டிரெய்லரில் உட்கார்ந்து வரும் கூலியாட்களின் உயிரும்.

“கழற்றாதே, முழுசாக மாற்று!”

சத்தம் கேட்டு டீலரிடம் போனால் என்ன சொல்கிறார்கள்? “பழைய வண்டி, செலவு செய்து பயனில்லை. முழுப்பெட்டியை மாற்று. இல்லாவிட்டால் வண்டியையே மாற்று. கடனுக்கு ஏற்பாடு செய்கிறோம்.” ஒரு பேரிங், ஒரு சீல், ஒரு போர்க், ஒரு ஸ்பிரிங் போட்டால் எழுந்து நிற்கும் பெட்டிக்கு மரண சாசனம் எழுதுகிறார்கள். ஏன்? பேரிங் விற்றால் கிடைப்பது சில்லறை. டிராக்டர் விற்றால் டீலருக்குக் கமிஷன், பைனான்ஸ்காரனுக்கு வட்டி.

சில புதிய வண்டிகளில் “வாழ்நாள் முழுவதும் எண்ணெய் மாற்ற வேண்டாம்” என்று விளம்பரம் செய்கிறார்கள். யாருடைய வாழ்நாள்? வண்டியின் வாழ்நாளா, வாரண்டியின் வாழ்நாளா? தேயாத பல்லும் இல்லை, கெடாத எண்ணெயும் இல்லை. வாரண்டி முடியும்வரை ஓடினால் போதும் என்பது கம்பெனியின் கணக்கு. இருபது வருஷம் ஓட வேண்டும் என்பது நம் கணக்கு.

பழுது பார்க்கும்போது சில கட்டுப்பாடுகள் உண்டு. ஒன்றோடொன்று சேர்ந்து தேய்ந்த இரண்டு சக்கரங்களில் ஒன்றை மட்டும் மாற்றினால், புதியதைப் பழையது தின்றுவிடும். ஜோடியாக மாற்றுவதே நல்லது. உடைந்த பல்லை வெல்டிங் வைத்து ஒப்பேற்றக்கூடாது. சூட்டில் எஃகின் உரம் போய்விடும், மறுபடி தெறிக்கும். கழற்றியபோது இருந்த ஷிம் தகடுகளை வரிசை மாறாமல் வைக்க வேண்டும். சீலை மட்டும் மாற்றிவிட்டு அடைபட்ட காற்றுக்குழலை விட்டுவிட்டால், உள்ளே அழுத்தம் கூடிப் புதுச் சீலும் கசியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு எச்சரிக்கை. கிளச் மாற்ற டிராக்டரை இரண்டாகப் பிரிக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். இரு பாதிக்கும் பலமான தாங்கல் வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வேண்டும். முன் அச்சு பக்கவாட்டில் சாயாமல் ஆப்பு அடிக்க வேண்டும். தாங்கல் வாங்கித் தராத முதலாளியிடம் “தாங்கல் வராமல் வேலை இல்லை” என்று பட்டறைத் தொழிலாளிகள் ஒன்றாகச் சொல்ல வேண்டும்.

பூட்டுகிறவர்கள் யார்?

பழைய கியர் பாக்ஸ் திறந்த புத்தகம். ஸ்பேனர் உள்ளவன் திறக்கலாம்; கண் உள்ளவன் படிக்கலாம். இந்தப் புத்தகத்தைத்தான் இப்போது மூடப் பார்க்கிறார்கள்.

இது கற்பனையல்ல. உதிரிப் பாகங்களும் பழுது பார்க்கும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததாகக் கண்டு, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஆணையம் புரட்சிக்காரர்களின் சபை அல்ல. அரசாங்கமே அமைத்த அமைப்பு. அதன் கண்ணுக்கே பொறுக்கவில்லை! கம்பெனிகள் என்ன செய்தன? மேல்முறையீட்டுக்கும் கோர்ட்டுக்கும் போயின.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் முற்றியிருக்கிறது. அங்கே புதிய டிராக்டரின் பழுதைக் கண்டுபிடிக்கவே கம்பெனியின் கம்ப்யூட்டர் நிரல் வேண்டும். முழு வேலையும் செய்யும் நிரலை டீலர்களுக்கு மட்டுமே தந்து, விவசாயிகளையும் வெளி மெக்கானிக்குகளையும் தடுத்ததாக டியர் கம்பெனி மீது அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையமே 2025 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. கொலராடோ மாகாணத்தில் விவசாயிகள் தங்கள் எந்திரத்தைத் தாங்களே பழுது பார்க்கும் உரிமைக்காகப் போராடி 2023ல் சட்டம் கொண்டுவந்தார்கள். 2024 முதல் அது அமலில் இருக்கிறது. இந்தியாவிலும் 2022 ஜூலையில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமை பற்றிக் குழு அமைத்தது. விவசாயக் கருவிகளும் மோட்டார் வண்டிகளும் அதன் பட்டியலில் உண்டு. குழு போட்டாயிற்று, பல் உள்ள சட்டம் எங்கே?

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடன் வாங்கி ஒரு பழைய டிராக்டர் வைத்திருக்கும் சின்ன விவசாயி நமக்குப் பகைவன் அல்ல. டீலர் அவரை நெருக்குகிறார். அவர் டிரைவரை நெருக்குகிறார். மேலே இருந்து வரும் பாரத்தைக் கீழே தள்ளுகிறார். அவருக்கு நாம் சொல்வது: “ஐயா, டிரைவர் கூலியில் பிடித்த பணம் உங்கள் கியர் பாக்ஸைக் காக்காது. வேளா வேளைக்கு மாற்றிய எண்ணெய்தான் காக்கும். டிரைவரோடு சேர்ந்து நில்லுங்கள். பாகத்தையும் புத்தகத்தையும் கம்பெனியிடம் கேளுங்கள்.”

அவர்கள் சொல்லும் சாக்குகள்

“பழைய வண்டி புகை கக்குகிறது” என்கிறார்கள். புகை எஞ்சினில் வருகிறது. அதைச் சோதிக்கட்டும், தவறினால் ஓட்டவேண்டாம் என்று சொல்லட்டும். ஏற்றுக்கொள்கிறோம். நம் ஜனங்கள்தான் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். ஆனால் கியர் பாக்ஸ் புகை விடுவதில்லை! புகையைக் காட்டிப் பாகத்தை மறைப்பது என்ன நியாயம்?

“பதினைந்து வருஷம் ஆனால் சட்டப்படியே வண்டி செத்தது” என்று பயமுறுத்துகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது வேறு. வாடகைப் போக்குவரத்தில் சேராத விவசாய டிராக்டரின் பதிவு 15 ஆண்டு செல்லும்; தகுதி இருந்தால் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம்.

“பழைய வண்டிக்குப் பாகம் கிடைக்காது” என்கிறார்கள். 1962ல் அமெரிக்கா கியூபாவின்மீது முழு வர்த்தகத் தடை போட்டது. அந்தத் தீவில் ஓடிய 1950களின் அமெரிக்கக் கார்களுக்கு உதிரிப் பாகம் நின்றுபோயிற்று. கார்கள் நின்றனவா? இல்லை. கியூபா மெக்கானிக்குகள் வேறு நாட்டு எஞ்சினையும் கியர் பாக்ஸையும் பொருத்தினார்கள். லேத்தில் பாகம் கடைந்தார்கள். அறுபது ஆண்டு கடந்தும் அவற்றில் பல ஹவானா தெருவில் ஓடின. நம்மூர் லேத் பட்டறையில் நிற்கும் தொழிலாளி அவர்களுக்குக் குறைந்தவரா? அவருக்கு வேண்டியது அளவுகளும் வரைபடமும்தான். அதைத்தான் கம்பெனி பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

கூலியில் கை வைப்பதற்குச் சட்டத்திலேயே கடிவாளம் உண்டு. 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம் என்ன சொல்லிற்று? ஒப்படைத்த பொருள் சேதமானால், அது தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக வந்ததாக இருந்தால்தான் பிடிக்கலாம். பிடிப்பது நஷ்டத்தின் அளவை மீறக்கூடாது. அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தராமல் பிடிக்கவே கூடாது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது. ஆனால் ஏட்டில் உள்ள விதி தானாக நடந்து வராது. கேட்டால்தான் வரும்; சேர்ந்து கேட்டால்தான் நிற்கும்.

ஆகவே தோழர்களே, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதியில், எத்தனை மணி ஓடியபின், எந்த எண்ணெய் மாற்றியது. எந்த நாளில் சத்தம் பற்றிச் சொந்தக்காரரிடம் சொன்னது. அவர் என்ன பதில் சொன்னார் — எல்லாம் அதில் ஏறட்டும். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்துத் தோழர் எழுதிக் கொடுக்கட்டும். பெட்டியைத் திறக்கும் நாளில் டிரைவரும் கூட இருக்க வேண்டும் என்று கேளுங்கள். உள்ளே வெள்ளை எண்ணெய் இருந்தால் அதை நாலு பேர் பார்க்கட்டும்.

சங்கங்கள் கேட்கவேண்டியவை நான்கு. திறந்து பார்க்காமல், விசாரணை இல்லாமல் டிரைவர் கூலியில் ஒரு காசு பிடிக்கக்கூடாது. வண்டியோடு பழுது பார்க்கும் புத்தகம் தமிழில் வர வேண்டும். விற்பனை நின்றபிறகும் பல ஆண்டுகள் உதிரிப் பாகம் கொடுக்கக் கம்பெனியைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். கருவியும் நிரலும் வெளிப் பட்டறைகளுக்கு நியாய விலையில் கிடைக்க வேண்டும்.

எந்திரத்தை ஓட்டுகிறவனுக்கு அதன் உள்ளே பார்க்க உரிமை இல்லை என்றால், அதன் பழியைச் சுமக்கும் கடமையும் அவனுக்கு இல்லை. பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்!